சொற்பதர்

சென்ற ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். எங்கள் தெருவில் இட்லி விற்றுக் காலந்தள்ளும் அம்மையார் ஒருவர், முந்தானையில் முடிந்திருந்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். கணவரை இழந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். 1991-இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, அன்றாட வேலை முடித்து, இரவில் விளக்கின் முன் அமர்ந்து எழுத்துக் கற்றவர். ஆகவே அவருக்குப் படிக்கத் தெரியும்.

"என்ன அக்கா, நீங்களே படிப்பீர்களே?" என்றேன்.

"எழுத்தெல்லாம் தெரியுது ஹஜ்ரத்து. என்ன சொல்றாங்கன்னுதான் தெரியல. முடிச்சு வச்சாச்சுன்னு போட்டிருக்கு. நாலு மாசமாச்சு, பணம் வரலையே" என்றார்.

உதவித்தொகை வேண்டி அவர் ஓர் அலுவலகத்திற்கு மனுக் கொடுத்திருந்தார். அதற்கு வந்த மறுமொழி அது. எந்த அலுவலகம் என்பது இங்கு வேண்டாம். எந்த அலுவலகமாயினும் வாசகம் ஏறத்தாழ இதுவாகத்தான் இருந்திருக்கும். கடிதத்தின் உயிர்நாடியான தொடர் வருமாறு:

"பார்வையில் காணும் தங்களது மனுவின் மீது உரிய பரிசீலனை மேற்கொள்ளப்பட்டதில், மனுவுடன் இணைக்கப்பட வேண்டிய ஆவணங்கள் முழுமையாக இணைக்கப்படாத நிலை காணப்படுவதால், மேற்படி மனு மீது மேல்நடவடிக்கை ஏதும் மேற்கொள்ள இயலாத நிலையில் முடிவுற்றதாகக் கருதப்பட்டு முடித்து வைக்கப்படுகிறது என்ற விவரம் இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது."

முப்பத்திரண்டு சொற்கள். ஒரே ஒரு முற்றுப்புள்ளி. நம் ஊர்ப் பேச்சில் ஒருவர் "உங்கள் காரியத்தை முடித்து வைத்துவிட்டேன்" என்றால், அது கைகூடிவிட்டது என்று பொருள். திருமணத்தை முடித்து வைத்தார், வழக்கை முடித்து வைத்தார் என்றெல்லாம் அவ்வாறே சொல்கிறோம். அந்த அம்மையாரும் அவ்வாறே கொண்டார். தம் மனு ஏற்கப்பட்டது, பணம் வரும் என்று நான்கு மாதம் காத்திருந்தார். உண்மையில் அவருடைய மனு தள்ளப்பட்டிருந்தது.

மொழியைப் பற்றி இத்தனை ஆண்டுகளாக மாணவர்களுக்குப் பாடம் சொல்லிவரும் எனக்கு, மிகைச்சொல் என்பது காதுக்கு இன்னாதது, நடைக்கு இழுக்கு என்ற அளவிலேதான் அதுவரை தெரிந்திருந்தது. அது ஓர் ஏழையின் நான்கு மாத உணவை விழுங்கும் என்பதை அன்றுதான் கண்ணாரக் கண்டேன். ஆகவே இக்கடிதத்தை ஒரு செய்யுளைத் திறனாய்வது போலச் சொல்சொல்லாக எடுத்து ஆராய விரும்புகிறேன். வாசகர்கள் பொறுமையுடன் உடன்வர வேண்டுகிறேன்.

மதரஸாவில் ஓதிய காலத்தில் 'முக்தஸருல் மஆனீ' என்னும் நூலை எங்கள் உஸ்தாத் பாடம் நடத்தினார்கள். 1390-இல் மறைந்த தஃப்தாஸானீ இயற்றியது. அவருக்கு முன் வாழ்ந்து 1338-இல் மறைந்த கத்தீப் கஸ்வீனீயின் 'தல்கீஸ்' என்னும் நூலுக்கு விளக்கமாக அமைந்தது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள அளவை அந்நூல் மூன்றாக வகுக்கிறது. சொல்லும் பொருளும் ஒத்த அளவில் நிற்பது முஸாவாத். குறைந்த சொல்லில் நிறைந்த பொருள் தருவது ஈஜாஸ். ஒரு பயன் கருதிச் சொல்லை மிகுப்பது இத்னாப். இம்மூன்றும் ஏற்புடையவை. பயன் எதுவும் இன்றிச் சொல் மிகுமானால் அது குற்றம். அக்குற்றமும் இருவகைப்படும். மிகையான சொல் இன்னதென்று விரல்வைத்துக் காட்ட முடியுமானால் அது ஹஷ்வு. இரண்டு சொற்கள் ஒரே பொருளைக் கூறி, அவற்றுள் எது மிகை என்று பிரித்துக் காட்ட இயலாமற் போனால் அது தத்வீல். ஹஷ்வு என்ற சொல்லுக்குத் தலையணைக்குள் திணிக்கும் அடைப்பு என்று பொருள். முஅல்லகாக் கவிஞருள் ஒருவராகிய ஸுஹைர் 'நேற்று' என்று கூறியபின் 'அதற்கு முன்னதாகிய' என்று ஒரு சொல்லைக் கூட்டியதையே அவர்கள் ஹஷ்வுக்கு எடுத்துக்காட்டாகக் கூறுகிறார்கள். நேற்று என்பது இன்றைக்கு முன்னதுதானே! அத்தகைய பெருங்கவிஞரையே விட்டுவைக்காத துலாக்கோல் அது.

அதே துலாக்கோலில் இக்கடிதத்தை நிறுத்துப் பார்ப்போம். "என்ற விவரம் இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது" என்பது முழுதும் ஹஷ்வு. கடிதம் என்பதே ஒன்றைத் தெரிவிப்பதற்காக எழுதுவது. தெரிவிக்கிறேன் என்று அது தனியே தெரிவிக்க வேண்டுவதில்லை. "முடிவுற்றதாகக் கருதப்பட்டு முடித்து வைக்கப்படுகிறது" என்பது தத்வீல்; இரண்டு முடிவுகளில் எதை நீக்கினாலும் மற்றது நிற்கும். "பரிசீலனை மேற்கொள்ளப்பட்டது" என்பது "பார்த்தோம்" என்ற ஒரு சொல்லின் வேலையை இரண்டு சொற்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. "இணைக்கப்படாத நிலை காணப்படுவதால்" என்பதில் 'நிலை'யும் 'காணப்படுவ'தும் என்ன செய்கின்றன? "இணைக்கப்படாததால்" என்றாலே போதும்.

இத்தனை மிகையும் இருந்தும், இருந்தே தீரவேண்டிய ஒன்று இக்கடிதத்தில் இல்லை. எந்த ஆவணம் இல்லை? அதைக் கடிதம் கூறவே இல்லை. பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினைத் தொகுத்துள்ளார். குன்றக் கூறல் அவற்றுள் ஒன்று. மிகைபடக் கூறல் மற்றொன்று. இவ்விரண்டும் எதிரெதிரானவை, ஓரிடத்தில் சேரா என்று நான் எண்ணியிருந்தேன். ஒரே தொடரில் இரண்டும் கைகோத்து நிற்க முடியும் என்பதை இக்கடிதம் கற்பித்தது. வேண்டாத இடத்தில் மிகுத்து, வேண்டிய இடத்தில் குறைத்து எழுதப்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அத்தொடரில் 'படு' என்னும் துணைவினை ஏழு முறை வருகிறது. மேற்கொள்ளப்பட்டது, இணைக்கப்பட, இணைக்கப்படாத, காணப்படுவதால், கருதப்பட்டு, வைக்கப்படுகிறது, தெரிவித்துக்கொள்ளப்படுகிறது. பார்த்தவர் யார், கருதியவர் யார், முடித்து வைத்தவர் யார் என்பதற்கு எங்கும் விடையில்லை. இத்தகைய வினையை அரபு இலக்கணம் 'மஜ்ஹூல்' என்று அழைக்கிறது. அறியப்படாதது என்பது அதன் பொருள். செய்தவனைக் கூறாமல் விடுவதற்குரிய காரணங்களையும் நஹ்வு ஆசிரியர்கள் அடுக்கிக் காட்டுகிறார்கள். அவன் யாரென்று எல்லோருக்கும் தெரியும் என்பது ஒரு காரணம். யாரென்று தெரியாது என்பது மற்றொன்று. அவனிடத்தில் அச்சம் என்பது மூன்றாவது. அவனுக்கு என்ன நேருமோ என்ற அச்சம் நான்காவது. அலுவலகக் கடிதங்களில் செய்தவர் மறைவது இந்த நான்காவது காரணத்தால்தான் என்று எனக்குப் படுகிறது. நாளை யாரேனும் கேள்வி கேட்டால் "நான்" என்ற சொல் எங்கும் அகப்பட்டுவிடக் கூடாது என்னும் எச்சரிக்கை. தமிழில் செயப்பாட்டுவினை இல்லாமல் இல்லை. அதற்கு ஓர் இடம் உண்டு. ஆனால் எந்த வீட்டிலும் "சோறு என்னால் உண்ணப்பட்டது" என்று பிள்ளை தாயிடம் கூறுவதில்லை.

இந்த நடை நமக்கு எங்கிருந்து வந்தது? வேறெங்கும் தேட வேண்டியதில்லை. தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியிலிருந்த புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948-இல் இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974-இல் தனி மாவட்டமாயிற்று. இடையில் 1956-இல் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. ஆங்கிலத்தில் நடந்த கோப்புகள் படிப்படியாகத் தமிழுக்கு வந்தன. அது நம் அனைவருக்கும் பெருமை. ஆயினும் ஆங்கிலச் சொற்கள் போனபின்பும் ஆங்கில அலுவலகத் தொடரின் எலும்புக்கூடு அப்படியே தங்கிவிட்டது. "தங்கள் கவனம் ஈர்க்கப்படுகிறது" என்பதும், "கீழே கையொப்பமிட்டுள்ளவர்" என்பதும் தமிழன் வீட்டில் பிறந்த தொடர்கள் அல்ல. "டூ தி நீட்ஃபுல்" என்ற பழைய ஆங்கில வாசகம் நம் மனுக்களில் "ஆவன செய்யுமாறு" என்று மாறி வாழ்கிறது. சொல்லளவில் அது நல்ல தமிழ். ஆனால் ஆவது எது என்பதை எழுதியவரும் கூறுவதில்லை, பெற்றவரும் கேட்பதில்லை. அந்த அம்மையாரின் கடிதத்தில் இருந்த "முடித்து வைக்கப்படுகிறது" என்பதும் இவ்வழியில் வந்ததே. கோப்பை மூடுவதைக் குறிக்கும் ஆங்கில வாசகத்தின் நிழல் அது. மூடியது அலுவலகத்தின் கோப்பு. அதைப் படித்தவரோ தம் வாழ்வின் தேவையைப் பற்றிய செய்தியாக அதை எடுத்துக்கொண்டார்.

வியப்பு என்னவெனில், நாம் எவரிடமிருந்து இந்நடையைக் கற்றோமோ அவர்களே அதை வெறுத்து ஒதுக்க முயன்றார்கள். பிரிட்டிஷ் நிதித்துறையின் வேண்டுகோளின்படி எர்னஸ்ட் கவர்ஸ் என்பார் 1948-இல் 'பிளெய்ன் வேர்ட்ஸ்' என்னும் சிறு நூலை அரசு ஊழியர்களுக்காக எழுதினார். 1954-இல் அது விரிந்த நூலாகவும் வெளிவந்தது. பொதுமக்களுக்கு எழுதும் அதிகாரி, படிப்பவருக்குப் புரியும் எளிய சொல்லால் எழுத வேண்டும் என்பதே அதன் சாரம். அதற்கு ஈராண்டு முன் 1946-இல் ஜார்ஜ் ஆர்வெல், அரசியலும் ஆங்கில மொழியும் என்ற பொருள்பற்றிப் புகழ்பெற்ற கட்டுரையொன்று வரைந்தார். 1903-இல் பிஹாரிலுள்ள மோதிஹாரியில் பிறந்தவர் அவர். சொற்புகை பரப்பி உண்மையை மறைப்பது ஆட்சியாளருக்கு வசதியாகிவிட்டது என்று அவர் இடித்துரைத்தார். அமெரிக்க நாட்டில் 2010-இல், அரசு ஏடுகள் மக்களுக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும் என்று சட்டமே இயற்றினார்கள். அவர்கள் கழற்றி எறிய முயலும் சட்டையை நாம் இஸ்திரி போட்டு அணிந்துகொண்டிருக்கிறோம்.

இதனைக் கூறும்போது சிலர், "எல்லாக் கேடும் பிறமொழிச் சொற்களால் வந்தது, அவற்றை நீக்கிவிட்டால் மொழி தெளிவடையும்" என்று கூறக்கூடும். அதற்கு நான் உடன்படவில்லை. மேற்காட்டிய கடிதத்தில் ஆங்கிலச் சொல் ஒன்றேனும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மறுபுறம், நம் உழவர்களின் நாவில் அன்றாடம் புழங்கும் சொற்களைப் பாருங்கள். அசல், நகல், பாக்கி, வசூல், வாரிசு, ஜாமீன், வக்கீல், தாலுக்கா ஆகியவை அரபியிலிருந்து வந்தவை. ஜமாபந்தியிலும் தாசில்தாரிலும் பாதி அரபி, பாதி பாரசீகம். தாசில்தார் வட்டாட்சியர் ஆனார், நல்ல தமிழ்ப்பெயர்தான். ஆயினும் அறந்தாங்கிப் பக்கத்துக் குடியானவர் ஒருவரிடம் "பாக்கி எவ்வளவு?" என்று கேட்டால் அவர் ஒருபோதும் விழிப்பதில்லை. சொல்லின் பிறப்பிடம் எதுவாயினும், கேட்பவன் மனத்தில் அது உடனே பொருளைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அது நம்முடைய சொல்.

நம் மாவட்டத்துச் சித்தன்னவாசல் குன்றில், ஏழடிப்பட்டம் என்னும் குகையில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உண்டு. ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. எருமிநாட்டில் பிறந்த ஒருவருக்காகச் சிறுபாவில் இளையர் செய்த இருக்கை என்பதே அதன் செய்தி. யாருக்கு, அவர் எந்நாட்டார், செய்தவர் யார், செய்தது என்ன என்ற நான்கும் ஒரே தொடரில் அடங்கிவிட்டன. செய்வினையில்தான் அமைந்திருக்கிறது, "செய்யப்பட்டது" என்றில்லை. இருக்கையைக் குறிக்க அதில் வரும் அதிட்டானம் என்ற சொல் வடபுலத்துச் சொல். அதனால் அத்தொடரின் தெளிவு சிறிதும் கெடவில்லை. கல்லில் உளியால் பொறிப்பவனுக்கு ஒவ்வோர் எழுத்தும் உழைப்பு. ஆகவே அவன் பதரைப் பொறிப்பதில்லை. தாளும் தட்டச்சும் கணினியும் வந்தபின் சொல் மலிந்துவிட்டது.

துறைச்சொற்கள் பற்றியும் ஒரு சொல். ஒவ்வொரு தொழிலுக்கும் அதற்கெனச் சில சொற்கள் இன்றியமையாதவை. பட்டா, சிட்டா, அடங்கல் என்பவற்றை நீக்கிவிட்டு நில ஆவணம் எழுத முடியாது. இதனை நம் இலக்கணம் என்றோ உணர்ந்திருக்கிறது. ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் சொல்லைக் 'குழூஉக்குறி' என்று பெயரிட்டு, அதனைத் தகுதிவழக்கு மூன்றனுள் ஒன்றாகவே வைத்தனர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள். பொற்கொல்லர் இருவர் பட்டறையில் 'பறி' என்று பேசிக்கொள்வதில் பிழையில்லை. தாலி செய்யக் கொடுத்த ஏழைத் தாயிடம் அவர் 'பறி' என்று பேசினால் அங்கேதான் பிழை தொடங்குகிறது. குழுவின் சொல் குழுவைத் தாண்டி வெளியே வரும்போது, விளக்கத்தையும் உடன் அழைத்து வரவேண்டும்.

அரபுச் சொல்லணி நூலார் இக்குற்றத்தை 'ஃகராபத்' என்று கூறுவர். கேட்பவருக்கு அந்நியமான சொல்லைக் கையாளுதல். அதற்கு அவர்கள் கூறும் கதை சுவையானது. ஈஸா இப்னு உமர் என்னும் இலக்கணப் பேரறிஞர் ஒருமுறை கழுதையிலிருந்து விழுந்துவிட்டார். மக்கள் ஓடிவந்து சூழ்ந்தனர். வலியோடு கிடந்த அவர், "ஏன் என்னைச் சூழ்ந்து நிற்கிறீர்கள்? விலகிப் போங்கள்" என்று கூற வந்தவர், அகராதியில் மட்டுமே வாழும் சொற்களைத் தேடிப்பிடித்துக் கூறினார். ஒருவருக்கும் புரியவில்லை. இதே நிகழ்ச்சியை அபூ அல்கமா என்னும் வேறொருவர் மீது ஏற்றி ஜாஹிழ் கூறுகிறார். அவர் கூறும் வடிவில் மக்கள், "விட்டுவிடுங்கள், இவரைப் பிடித்த ஷைத்தான் இந்திய மொழி பேசுகிறது" என்று சொல்லி நகர்ந்தார்களாம். இந்தியாவில் பிறந்து அரபு கற்பிக்கும் நான் இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

இனி, மிகுத்துக் கூறுவதெல்லாம் குற்றமா என்று கேட்கலாம். இல்லை. ஒருபொருட் பன்மொழியை நம் இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. மீமிசை, ஓங்கி உயர்ந்த என்பவற்றில் இரு சொல்லும் ஒரு பொருளே தரினும், உயரத்தின் மிகுதி மனத்தில் பதிகிறது. நம் கடற்கரையிலுள்ள மீமிசல் என்ற ஊரின் பெயரைக் கேட்கும்தோறும் எனக்கு இந்த மீமிசை நினைவுக்கு வரும். இரண்டுக்கும் உறவுண்டு என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளையைத் தூங்கவைக்கும் தாய் ஒரே சொல்லைப் பத்துமுறை கூறுவாள், அது இத்னாப். பயன் இருக்கிறதா என்பதே அளவுகோல்.

அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு வாருங்கள். புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் அரைமணி நேரம் நின்றால் போதும். "நடு சென்டர்ல நிக்காதீங்க", "டெய்லி தினமும் இதே கதைதான்", "ரிட்டர்ன் திரும்பி வரும்போது", "பட் ஆனா அவரு வரலை", "ஸோ அதனால நான் போகலை" என்ற தொடர்கள் காதில் விழுந்தவண்ணம் இருக்கும். இவை தத்வீலுக்குக் கிடைத்த புத்தம்புது எடுத்துக்காட்டுகள். இவற்றைப் பேசுபவர் அறியாதவர் என்று நகைப்பது எளிது. சற்று நின்று சிந்தித்தால் வேறொன்று புலப்படும். தமிழ்ச்சொல் பொருளுக்காக வருகிறது. ஆங்கிலச் சொல் மதிப்புக்காக வருகிறது. ஆங்கிலம் இல்லாவிட்டால் தம்மை எவரும் மதியார் என்ற அச்சம் ஒருபுறம். ஆங்கிலம் மட்டும் சொன்னால் கேட்பவருக்குப் புரியாதோ என்ற ஐயம் மறுபுறம். இரண்டுக்கும் நடுவில் நம் மக்கள் ஒரே பொருளுக்கு இருமுறை கூலி கொடுக்கிறார்கள்.

படித்தவர் நிலை இதனினும் மேலானதன்று. "பேசிக்கலி", "ஆக்சுவலி" என்ற இரண்டும் இல்லாமல் இன்று கல்லூரி மாணவர் வாய் திறப்பதில்லை. 'அடிப்படையில்' என்று சொல்லத்தக்க அடிப்படையோ, 'உண்மையில்' என்று சொல்லும்படி மறுக்கத்தக்க பொய்யோ அங்கே எதுவும் இருப்பதில்லை. "ஏடிஎம் மெஷின்" என்கிறோம். அந்த மூன்றெழுத்தின் கடைசி எழுத்தே மெஷினைக் குறிப்பதுதான். "பின் நம்பர்" என்பதும் அவ்வாறே. ஆங்கிலேயரும் இப்பிழையைச் செய்கிறார்கள் என்பது நமக்கு ஓர் ஆறுதல்.

பிறரை இவ்வளவு கூறிவிட்டு நம் வீட்டைப் பாராமல் விடுவது நேர்மையன்று. ஹஜருல் அஸ்வத் கல் என்று நாம் சொல்கிறோமே, ஹஜர் என்றாலே கல்தான். லைலத்துல் கத்ர் இரவு என்கிறோம். லைலத் என்பது இரவு. ஷபே பராஅத் இரவு என்பதிலும் ஷப் என்னும் பாரசீகச் சொல் இரவையே குறிக்கிறது. பேருந்து நிலையத்தின் 'நடு சென்டரு'க்கும் இவற்றுக்கும் என்ன வேற்றுமை? பாமர மக்கள் அரபி அறியாமல் விளக்கத்திற்காகத் தமிழ்ச்சொல்லைக் கூட்டினார்கள் என்றால் அதில் ஒரு பயன் உண்டு. அதை நான் மன்னித்துவிடுவேன். மிம்பரில் நின்று, தமிழில் எளிதாகச் சொல்லக்கூடியதை வேண்டுமென்றே அரபிச் சொற்களால் நிரப்பி, கேட்போர் புரியாமல் தலையசைப்பதைக் கண்டு மகிழும் எங்களைப் போன்றோரை எப்படி மன்னிப்பது? வாயை அகலத் திறந்து சொற்பெருக்குக் காட்டுவோரை 'முதஷத்திகூன்' என்று நபிமொழி கண்டிக்கிறது. அச்சொல்லை மாணவர்களுக்கு விளக்கும்போதெல்லாம் என் பழைய பயான்கள் சில நினைவுக்கு வந்து நாணம் கொள்கிறேன்.

நம் முன்னோர் இவ்வகையில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். வடநாட்டு முஸ்லிம்கள் நமாஸ், ரோஜா என்று வழங்க, நாம் தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், பெருநாள் என்று வழங்குகிறோம். மார்க்கத்தின் உயிரான கடமைகளையே தாய்மொழியில் பெயரிட்டு அழைக்கும் துணிவும் தெளிவும் அவர்களுக்கு இருந்தன. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களால் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர், தேவைப்பட்ட இடத்தில் அரபிச் சொல்லைத் தயங்காமல் எடுத்தார். தமிழே போதும் என்ற இடத்தில் தமிழையே ஆண்டார்.

எழுத்தாளர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. "என்றால் அது மிகையாகாது" என்று நம் இதழ்களில் எத்தனை கட்டுரைகள் கூறுகின்றன! பெரும்பாலும் அது மிகையாகவே இருக்கிறது. "என்பது குறிப்பிடத்தக்கது" என்று முடியும் தொடர்களை எண்ணிப் பாருங்கள். குறிப்பிடத்தகாததாயின் எழுதியே இருக்க மாட்டோமே! "என்பதை ஈண்டுக் கூறிக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளேன்" என்பதும் இவ்வினமே. இக்கட்டுரையின் முதற்படியைத் திரும்பப் படித்தபோது அதில் மூன்று இடங்களில் 'குறிப்பிடத்தக்கது' இருந்தது. அடித்துவிட்டேன். பொருள் எங்கும் குறையவில்லை. அலுவலகத்து எழுத்தரை நான் கடிந்துகொள்ளத் துணியாததற்கு இதுவே காரணம்.

அந்த எழுத்தரை மறுநாள் அம்மையாருடன் சென்று நேரில் கண்டேன். நல்ல மனிதர். எழுந்து நாற்காலி கொடுத்தார். கோப்பைப் புரட்டி, "கணவரின் இறப்புச் சான்று வைக்கவில்லை, அவ்வளவுதான் ஐயா" என்றார். இதைக் கடிதத்தில் எழுதியிருக்கலாமே என்றேன். "இது வழக்கமான வாசகம் ஐயா. எனக்கு முன்னிருந்தவர் எழுதியது, அவருக்கு முன்னிருந்தவரும் இதையே எழுதினார்" என்றார். அவர் வாயால் எளிதாக வந்த சொல் அவர் பேனாவில் வரவில்லை. பேசும்போது அவர் ஒரு மனிதர். எழுதும்போது அவர் தம் நாற்காலியின் பழக்கத்திற்குக் கட்டுப்பட்டவர்.

அன்றிரவு அமர்ந்து அக்கடிதத்தை வேறு சொல்லில் எழுதிப் பார்த்தேன். "உங்கள் மனுவை நாங்கள் ஏற்கவில்லை. அதில் கணவரின் இறப்புச் சான்று இல்லை. அதைச் சேர்த்து மீண்டும் அனுப்புங்கள்." பதின்மூன்று சொற்கள். முப்பத்திரண்டில் இல்லாத செய்தியும் இதில் இருக்கிறது. இது ஒன்றும் பெரும்புலமை வேண்டும் வேலையன்று. எழுதுகிறவர் தம்மை மூன்று கேள்விகள் கேட்டுக்கொண்டால் போதும். இச்சொல்லை எடுத்துவிட்டால் பொருள் குறையுமா? செய்தவர் யார் என்று இத்தொடரில் தெரிகிறதா? இதைப் பெறுபவர் படித்தவுடன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அறிவாரா?

நம் மாவட்டத்தில் அறிவொளிக் காலத்தில் பல்லாயிரம் பெண்கள் எழுத்துக் கற்றார்கள். மிதிவண்டியும் ஓட்டக் கற்றார்கள். அதைக் காணப் பிறநாட்டாரும் வந்தார்கள். தம் பெயரைத் தாமே எழுதவும், தமக்கு வந்ததைத் தாமே படிக்கவும் வேண்டும் என்பதற்காக அப்பெண்கள் பகலெல்லாம் கல்லுடைத்தும் நாற்று நட்டும் வந்து இரவில் கண்விழித்தார்கள். அவர்கள் தம் பங்கைச் செய்துவிட்டார்கள். அவர்களுக்கு எழுதுகிறவர்கள் இன்னும் தம் பங்கைச் செய்யவில்லை. பயனில்லாச் சொல்லைப் பாராட்டுபவனை வள்ளுவர் மனிதப் பதர் என்றார். அவர் பதர் என்றது சொல்லையன்று, அதைச் சொல்லும் ஆளை. அது கடுமையான தீர்ப்பு என்று இளமையில் நினைத்ததுண்டு. இப்போது அப்படி நினைக்கவில்லை.

அம்மையாருக்குப் புதிய மனுவை எழுதிக் கொடுத்தேன். மூன்று வரி, கீழே சான்றின் நகல். "இவ்வளவுதானா ஹஜ்ரத்து? பணிவன்புடன்னு எல்லாம் போட வேண்டாமா?" என்று கேட்டார். வேண்டுமானால் ஒருமுறை போடலாம் என்றேன். அவரே அதை வாய்விட்டுப் படித்தார். எங்கும் தடுக்கவில்லை. படித்து முடித்துத் தம் பெயரை எழுதினார்.